உறையை விட்டுப் போன திருடன்

வழக்கு முடிந்து மூன்று நாள் ஆகிவிட்டது. டாலிகஞ்சில் இனிப்புக் கடைக்கு மேலே இருந்த தன் துப்பறியும் அலுவலக அறையில், ஜெயலக்ஷ்மி ஒரு மூங்கில் உறையை மேஜை மேல் வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு சாண் நீளம். கட்டை விரலைவிடக் கொஞ்சம் பருமன். ஒரு பக்கம் தோலைச் சீவிவிட்டு ஜப்பானிய எழுத்தில் இரண்டு வரி எழுதியிருந்தது. உள்ளே ஒரு கரண்டி இருந்திருக்க வேண்டும். இல்லை.

கரண்டி சுந்தரராஜனுடையது. வயது எழுபத்தொன்பது. தேயிலை ஏலக் கம்பெனி ஒன்றில் முப்பத்தாறு வருடம் டீ டேஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். 1986-இல் ஜப்பானுக்குப் போன குழுவில் அவரும் இருந்தார். ஹயாஷி என்ற தேநீர் குரு அங்கே தன் கையால் கொடுத்த அன்பளிப்பு அது என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லுவார். தேயிலைத் தூளை அள்ளிப் போடும், இருநூறு வருடப் பழைய மூங்கில் கரண்டி. வரும் ஞாயிற்றுக்கிழமை தேயிலைக்காரர்கள் அவருக்குப் பாராட்டு விழா வைத்திருந்தார்கள். ஜப்பானிலிருந்தும் விருந்தாளிகள் வருகிறார்கள். கரண்டியை மேடையில் வைத்து, அது கிடைத்த கதையை அவர் சொல்ல வேண்டும்.

திங்கட்கிழமை மாலை மகன் ராம்கி பீரோவைத் திறந்தான். உறை இருந்தது, கரண்டி இல்லை. அன்றே ஜெயலக்ஷ்மிக்குப் போன் செய்தான்.

அவள் மறுநாள் காலையே திருடியது யார் என்று கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டாள். லேக் கார்டன்ஸ் அபார்ட்மென்ட் வாசலில், காலை எட்டு மணிக்கு, வேலைக்கு வந்த சுந்தரராஜன் வீட்டுச் சமையல்கார அம்மாள் அருக்காணியை நிறுத்தி, செக்யூரிட்டி மேஜை மேல் அவள் பையைக் கவிழ்த்தது ஜெயலக்ஷ்மிதான். டிபன் பாக்ஸ், சீப்பு, பிரஷர் மாத்திரை, மடித்த குடை. கடைசியில் பீரோவில் உறையைச் சுற்றி வைத்திருந்த ஊதாப் பட்டுத் துணி. மற்ற வீடுகளுக்கு வேலைக்கு வந்த பெண்களும் டிரைவர்களும் நின்று பார்த்தார்கள்.

பட்டுத் துணியை ஐயாதான் கொடுத்தார், தையல் வேலை செய்யும் மகளுக்கு என்று கொடுத்தார் என்றாள் அருக்காணி. மாடிக்குப் போய் சுந்தரராஜனைக் கேட்டார்கள். அவர், "எனக்கு ஞாபகம் இல்லையே" என்றார்.

ஜெயலக்ஷ்மி தன் அறிக்கையில் 'கொடுக்கவில்லை' என்று எழுதினாள். இரண்டும் ஒன்றல்ல என்று எழுதும்போதே அவளுக்குத் தெரியும். அவசரத்தில் எழுதினாள். மூன்று நாளாக அந்த ஒரு சொல் சாப்பிடும்போதும் குளிக்கும்போதும் வந்து நின்றது.

கோபு இரண்டு மண் குவளைகளில் டீயோடு படியேறி வந்தான். அவளுடைய உதவியாளன். நாற்பது வயது. ஸ்டுடியோக்களில் சினிமாவுக்கு வேண்டிய பொருள்களைச் செய்துகொண்டிருந்தவன். அட்டையில் கிரீடம் செய்வான், தெர்மோகோலில் கோயில் செய்வான். படங்கள் குறைந்ததும் இவளிடம் சேர்ந்துவிட்டான்.

"இன்னிக்கு இதைத் திருப்பிக் கொடுத்துடணும்" என்றாள் ஜெயலக்ஷ்மி.

கோபு உறையைக் கையில் எடுத்துப் பார்த்தான். கரண்டியின் போட்டோவையும் பார்த்தான். மெல்லிய மூங்கில் குச்சி, நடுவில் ஒரு கணு, நுனி லேசாக வளைந்திருந்தது. எங்கள் வீட்டில் காது குடைகிற குச்சி இதைவிடப் பெரியது, அதற்கு யாரும் விழா எடுத்ததில்லை என்றான். பிறகு குரலைக் குறைத்துக்கொண்டு, நேற்று தானாகவே ஒரு காரியம் செய்ததாகச் சொன்னான். பார்க் ஸ்ட்ரீட் பக்கம் பழம்பொருள் விற்கும் ஒருவரிடம் போட்டோக்களைக் காட்டியிருக்கிறான். அவர் சிரித்துவிட்டாராம். செதுக்கியவர் பெயர், கரண்டியின் பெயர் எல்லாம் உறை மேல்தான் இருக்கிறது. உறை இல்லாமல் கொண்டுவந்தால் அது வெறும் குச்சி, நான் பல் குத்தக்கூட வாங்க மாட்டேன் என்றாராம்.

"அதனால?"

"மதிப்பு தெரிஞ்ச திருடன் உறையோட எடுப்பான். தெரியாத திருடன் மூங்கில் குச்சியை எதுக்கு எடுக்கறான்? பக்கத்துலயே வெள்ளிச் சிமிழ் இருந்தது மேடம், அதைத் தொடலை. ஒண்ணு திருடன் பைத்தியம். இல்லேன்னா நாம."

"நாம இல்லை, நான்" என்றாள் ஜெயலக்ஷ்மி.

கோபு உறையை மறுபடி கையில் எடுத்தான். போனில் டார்ச்சைப் போட்டு உறைக்குள் பார்த்தான். எந்தப் பொருளையும் உள்பக்கம் பார்ப்பது அவன் பழக்கம். தான் செய்த எல்லாமே உள்ளே காலி என்பதால் வந்த பழக்கம் என்பான். ஒரு கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் பார்த்தான்.

"உள்ளே காகிதம் இருக்கு."

உட்சுவரோடு ஒட்டிச் சுருண்டிருந்தது. வெங்காயச் சருகு போல மெலிசு, மூங்கிலின் நிறத்துக்கே பழுத்திருந்தது. கரண்டி உள்ளே இருக்கும்வரை யார் கண்ணுக்கும் பட்டிருக்காது. ஜெயலக்ஷ்மி ஒரு பின்னல் ஊசியில் அதைச் சுற்றிச் சுற்றி வெளியே எடுத்தாள். தூரிகையில் எழுதிய எட்டுப் பத்து வரிகள். நடுவில் ஓர் இடத்தில் மட்டும் ஆங்கில எழுத்தில், கோணலாக, சுந்தரராஜன் என்ற பெயர்.

கோபு போனில் மொழிபெயர்க்கும் ஆப்பை அதன் மேல் காட்டினான். 'வீடு இல்லாத மழை மன்னிக்கவும்' என்று வந்தது.

"மழைக்கு எதுக்கு மேடம் வீடு?"

ஜெயலக்ஷ்மி டீயைக் குடிக்காமலே எழுந்தாள்.

*

சால்ட் லேக்கில், ஐந்தாம் செக்டரில் ஒரு ஐ.டி. அலுவலகம். ஜப்பானிய வாடிக்கையாளர்களோடு பேச அங்கே மேக்னா என்ற பெண் மொழிபெயர்ப்பாளராக இருந்தாள். வங்காளிப் பெண். கியோட்டோவில் இரண்டு வருடம் படித்தவள். கோபுவின் பழைய ஸ்டுடியோ நண்பர் ஒருவரின் மகள். இரண்டாவது மாடி கேண்டீனில், டீ மிஷின் பக்கத்து மேஜையில் உட்கார்ந்தார்கள். பேச்சு வங்காளத்தில் நடந்தது.

மேக்னா முதலில் உறையைப் படித்தாள். கரண்டிக்கு ஒரு பெயர் இருந்தது. பனிக்காலம் தொடங்கும்போது கொஞ்ச நேரம் பெய்துவிட்டுப் போகிற மழைக்கு அங்கே ஒரு சொல் இருக்கிறதாம், அதுதான் பெயர். செதுக்கியவர் இந்த ஹயாஷியின் முன்னோர்களில் ஒருவர். அங்கே தேநீர் குருமார்கள் இந்தக் கரண்டியை மட்டும் கடையில் வாங்க மாட்டார்கள், தாங்களே செதுக்கிக்கொள்வார்கள் என்றாள். சிலர் பழைய கூரை வீட்டு மூங்கிலைத் தேடி எடுப்பார்கள். அடுப்புப் புகை நூறு வருடம் பட்டுப் பட்டுச் சிவந்திருக்கும். செதுக்கியவரின் கைப்பழக்கமும் குணமும் அதில் தெரியும் என்று சொல்வார்கள். தண்ணீரில் கழுவவே மாட்டார்கள், பட்டால் துடைப்பார்கள்.

கரண்டிக்கெல்லாம் பெயர் வைக்கிறார்கள், எங்கள் ஸ்டுடியோவில் லைட்பாய்க்கே பெயர் கிடையாது, ஏய்தான் என்றான் கோபு.

மேக்னா சிரித்தாள். பிறகு கடிதத்தை எடுத்து, உதடு அசைய மெதுவாகப் படித்தாள். முதல் வரியிலேயே நின்றுவிட்டாள். 'அன்று நீங்கள் கரண்டியைப் பார்வையிட்டபோது' என்று ஆரம்பிக்கிறது. பார்வையிடுவது என்றால் அது அங்கே ஒரு முறை, சொல்லிப் புரியவைப்பதைவிடச் செய்தே காட்டுகிறேன் என்று தன் மேல்நாட்டு மைப் பேனாவின் மூடியைக் கழற்றி ஓரமாக வைத்தாள். தேநீர் குடித்து முடிந்ததும், விருந்தாளி, கரண்டியைப் பார்க்கலாமா என்று கேட்பார். வீட்டுக்காரர் அதைத் துடைத்துத் தருவார்.

அவள் பேனாவை ஒரு டிஷ்யூவால் துடைத்தாள். இரண்டு கையாலும் பிடித்து, தலை குனிந்து, கோபுவின் முன்னால் நீட்டினாள்.

கோபு உட்கார்ந்தபடியே முதுகை நிமிர்த்திக்கொண்டான். இரண்டு கையாலும் பேனாவை வாங்கினான். கண்களில் ஒற்றிக்கொண்டான். சட்டைப் பையில் செருகிக்கொண்டான்.

"ரொம்ப தேங்க்ஸ்மா" என்றான்.

மேக்னா வாயைத் திறந்தாள், மூடினாள். அவள் கண் ஒரு முறை சட்டைப் பைக்குப் போய்த் திரும்பியது. முகத்தில் சிரிப்பு மாறவில்லை. பிறகு அவள் செய்ததை ஜெயலக்ஷ்மி பார்த்துக்கொண்டேயிருந்தாள். மேஜை ஓரத்தில் இருந்த பேனா மூடியை எடுத்து, இதையும் வைத்துக்கொள்ளுங்கள் அண்ணா, மை காய்ந்துவிடும் என்று அவன் பக்கம் தள்ளினாள்.

ஜெயலக்ஷ்மி அந்த மூடியைக் கையால் தடுத்து நிறுத்தினாள்.

"கோபு, பேனாவைத் திருப்பிக் கொடுங்க."

"அவங்கதானே கொடுத்தாங்க?"

"பார்க்கக் கொடுத்தாங்க."

கோபு பேனாவைப் பார்த்தான், மூடியைப் பார்த்தான், மூங்கில் உறையைப் பார்த்தான். அவன் முகம் மெல்ல மாறியது. பேனாவை எடுத்து மேக்னாவின் முன்னால் வைத்தான்.

பார்த்தபின் அதன் பெயர் என்ன, யார் செதுக்கியது என்று விருந்தாளி கேட்பார், திருப்பி வைத்துவிடுவார், அவ்வளவுதான் என்று மேக்னா முடித்தாள். மிச்சக் கடிதத்தை இருவருக்கும் படித்துச் சொல்லி, ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தாள். கடைசி இரண்டு வரியை எழுதும்போது பேனா மெதுவாகப் போயிற்று. ஜெயலக்ஷ்மி அதை ஒரு முறை படித்தாள். நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

திரும்பும் பஸ்ஸில் இருவரும் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தார்கள். கரியாஹாட் வந்தபோது கோபு கேட்டான். கரண்டி சுந்தரராஜன் சார் கையில் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டது, உறை பின்னால் ஹயாஷி தானாக அனுப்பியது. அப்படியென்றால், தன்னுடையது எது, தன்னுடையது இல்லாதது எது என்று தெரிந்த ஒரே ஆள் யார்?

லேக் கார்டன்ஸுக்கே போகலாம் என்று ஜெயலக்ஷ்மி எழுந்தாள்.

*

லேக் கார்டன்ஸ் வீட்டில் சுந்தரராஜன் மட்டும் இருந்தார். மூன்றாவது மாடி. ஹாலில் வெள்ளைப் பீங்கான் கிண்ணங்கள் நான்கு வரிசையாக இருந்தன. ஓய்வு பெற்ற பிறகும் மாலையில் நான்கு தேயிலையைச் சுவைத்துப் பார்க்காமல் அவருக்குப் பொழுது போகாது. வாங்கோ என்று எழுந்திருக்கப் பார்த்தார். முழங்கால் ஒத்துழைக்கவில்லை. ஜெயலக்ஷ்மி உட்காரச் சொன்னாள்.

உறையை அவர் முன்னால் வைத்தாள். கரண்டியைப் பற்றிப் பேசவில்லை. எண்பத்தாறாம் வருடம் ஏலத்துக்கு வந்ததில் மறக்க முடியாத தேயிலை எது என்று கேட்டாள்.

கிழவருக்கு முகம் மலர்ந்தது. அந்த வருஷம் ஜூன் இரண்டாவது வாரம் என்றார். டார்ஜிலிங் சரக்கு. திராட்சை வாசனை. ஏல வரிசையில் நானூற்றுப் பன்னிரண்டு. பெட்டியின் ஒரு மூலையில் ஈரம் பட்டிருந்தது, அந்த மூலைத் தேயிலை மட்டும் வேறு மாதிரி இருந்தது, யாரும் கண்டுபிடிக்கவில்லை, நான்தான் கண்டுபிடித்தேன் என்றார். டீ ஊற்றிக் கொடுத்த பையனுக்கு அன்று ஜலதோஷம் என்பதுகூட அவருக்கு நினைவிருந்தது.

ஜெயலக்ஷ்மி தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டாள். "திங்கட்கிழமை அருக்காணிக்குப் பட்டுத் துணி கொடுத்தீங்களா சார்?"

சுந்தரராஜன் கையிலிருந்த சுவைபார்க்கும் ஸ்பூனைக் கிண்ணத்துக்குள் விட்டார். அது சத்தம் போட்டது.

"கொடுத்தேன்."

பிறகு அவராகவே சொன்னார். விழாவுக்காக மருமகள் ஸ்னேகா இரண்டு வாரத்துக்கு முன்பு போனில் ஒரு வீடியோ காட்டியிருக்கிறாள். ஜப்பானியத் தேநீர் விருந்து. கடைசியில் வீட்டுக்காரர் கரண்டியைத் துடைத்து நீட்டுகிறார். விருந்தாளி வாங்கிப் பார்க்கிறார். திருப்பி வைக்கிறார். ஸ்னேகா அடுத்த வேலைக்குப் போய்விட்டாள். இவர் அதையே ஒன்பது தடவை பார்த்தார்.

"பெரியவர் ரெண்டு கையாலயும் குனிஞ்சு கொடுத்தா, நாம வேற என்னன்னு எடுத்துப்போம்? கண்ணுல ஒத்திண்டேன். பையில வெச்சுண்டேன். மறுநாள் ஓட்டலுக்கு உறை வந்தது. பாத்தேளா, எவ்வளவு பெரிய மனசுன்னு எல்லார்கிட்டேயும் சொன்னேன். முப்பத்தெட்டு வருஷமா சொல்லிண்டிருக்கேன். கேட்டவாள்ள எத்தனை பேர் ஜப்பான்காரா தெரியுமோ? அவா எல்லாரும் சிரிச்ச முகமாக் கேட்டா."

போன சனிக்கிழமை தனியாக ரிக்‌ஷா பிடித்துத் தபாலாபீஸ் போயிருக்கிறார். ஒரு பழைய தகரப் பெட்டியில் தேயிலையை நிரப்பி நடுவில் கரண்டியை வைத்து, ஹயாஷியின் பழைய விசிட்டிங் கார்டில் இருந்த விலாசத்துக்கு அனுப்பிவிட்டார். உறையை அனுப்பவில்லை, அது அவர்களாக அனுப்பியது. பட்டு மட்டும் கண்ணில் பட்டுக்கொண்டேயிருந்தது. அருக்காணியிடம் கொடுத்துவிட்டார். கரண்டியை எங்கோ வைத்துத் தொலைத்துவிட்டேன் என்று மகனிடம் சொல்வதாக இருந்தார். அதற்குள் ராம்கி திருட்டு என்றுவிட்டான்.

"அவ சொன்னப்போ ஒரு ஆமாம் சொல்லியிருந்தா போறும். சொன்னா, பட்டு ஏன் உங்க கையில இருந்ததுன்னு அடுத்த கேள்வி கேட்பேள். வாய் வரலை."

ஜெயலக்ஷ்மி மடித்த காகிதத்தை எடுத்தாள். இது உறைக்குள்ளேயே இருந்தது என்று சொல்லிவிட்டு, ஆங்கிலத்தில் எழுதியிருந்ததைத் தமிழில் சொல்லிக்கொண்டே போனாள்.

"அன்று நீங்கள் கரண்டியைப் பார்வையிட்டபோது அதைக் கண்களில் ஒற்றிக்கொண்டீர்கள். என் வீட்டில் யாரும் அதை அப்படி வணங்கிப் பார்த்ததில்லை. பிறகு அது உங்கள் பைக்குள் போனது. திருப்பிக் கேட்க எனக்கு நா எழவில்லை. இரவு கோபமாக இருந்தேன். விடியும்போது கோபம் இல்லை. வீடு இல்லாமல் அந்த மழையை அனுப்பியதற்கு மன்னிக்கவும், சுந்தரராஜன் அவர்களே. அதன் வீட்டையும் இத்துடன் அனுப்புகிறேன். நீங்கள் எடுத்துக்கொண்டதை இன்று நான் கொடுத்துவிட்டேன்."

சுந்தரராஜன் அந்தக் காகிதத்தை வாங்கவில்லை. கை நீட்டினார், பாதியில் மடியில் வைத்துக்கொண்டார்.

"அப்போ அது என்னோடதுதான்" என்றார். ரொம்ப மெல்லிய குரல். "முப்பத்தெட்டு வருஷமா என்னோடதுதான்."

"ஆமா சார். அதுக்கு அவர் அப்பவே மன்னிச்சுட்டார். இது அருக்காணியம்மாவோட செவ்வாய்க்கிழமைக் கணக்கு, இதை அவர் மன்னிக்க முடியாது" என்றான் கோபு. அதில் வேடிக்கை எதுவும் இல்லை.

வாசலில் செருப்புச் சத்தம் நின்று சற்று நேரம் ஆகியிருந்தது. ராம்கி வங்கியிலிருந்து வந்து, பையைக் கூடக் கீழே வைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தான். அப்பாவைப் பார்க்காமல் ஜெயலக்ஷ்மியைப் பார்த்துப் பேசினான். கரண்டி வீட்டிலேயே கிடைத்துவிட்டது என்று சொல்லிவிடலாம், அருக்காணியையும் திரும்ப வரச் சொல்லிவிடலாம், அப்பாவின் மானம் நாலு பேர் வாயில் விழ வேண்டுமா என்றான்.

"அந்தம்மாவோடது விழுந்துடுச்சே" என்றாள் ஜெயலக்ஷ்மி. அதைத் தள்ளிவிட்டது தன் கை என்பது ஞாபகம் வந்து, பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

*

அருக்காணியின் வீடு டாலிகஞ்சில் ரயில் பாதைக்குப் பின்னால், ஒற்றை அறை. கரக்பூரில் ரயில்வேயில் வேலை பார்த்த புருஷன் இறந்த பிறகு மகளோடு இங்கே வந்து பத்து வருடம். சேலத்துப் பக்கத்துப் பேச்சு இன்னும் போகவில்லை. மகள் தையல் மிஷினில் இருந்தாள். வந்தவர்களைப் பார்த்ததும் மிதிப்பதை நிறுத்தினாள்.

அருக்காணி உட்காரச் சொன்னாள். தண்ணீர் கொடுத்தாள். ஜெயலக்ஷ்மி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். தான் எழுதிய அந்த ஒரு சொல்லையும் சொன்னாள்.

அருக்காணிக்கு ஆச்சரியமே வரவில்லை. ஐயா கொடுத்தது அவளுக்குத் தெரிந்த விஷயம்தானே. அந்தக் கட்டடத்தில் அவள் சமைத்தது மூன்று வீடு. மூன்றும் செவ்வாய்க்கிழமையே போய்விட்டன. குடியிருப்போர் வாட்ஸ்அப் குழுவில் அவள் போட்டோவும் போய்விட்டது. பக்கத்துக் கட்டடத்தில் கேட்கப் போனபோது, செக்யூரிட்டி போனில் அந்தப் போட்டோவைப் பார்த்துவிட்டு அவளைப் பார்த்தானாம்.

"ஒண்ணு கேக்கறனுங்க" என்றாள். "நீங்க என் பையைக் கொட்டுனது நான் வெளிய போறப்பவா, உள்ள வர்றப்பவா?"

ஜெயலக்ஷ்மி நிமிர்ந்து பார்த்தாள்.

"உள்ள வர்றப்பங்க. காலைல. திருடுன சாமானை எவளாச்சும் திருடுன ஊட்டுக்கே எடுத்துட்டு வருவாளா? இத்தனை நல்ல பட்டு, ஐயா தெரியாம குடுத்திருப்பாரு, திருப்பிக் குடுத்துரும்மான்னு இவ சொன்னா. அதுக்குத்தான் எடுத்துட்டு வந்தேன்."

மகள் தலையைக் குனிந்துகொண்டு துணியில் நூலைப் பிரித்தாள். ஜெயலக்ஷ்மி டம்ளரைக் கீழே வைத்தாள். பன்னிரண்டு வருடம் இன்சூரன்ஸ் கம்பெனியில் தீப்பிடித்த கிடங்குகளில் சாம்பலைக் கிளறி உண்மை கண்டுபிடித்தவள் அவள். இதற்கு சாம்பல்கூட வேண்டியிருக்கவில்லை. கடிகாரம் போதும்.

"நான் என்ன செய்யணும், சொல்லுங்கம்மா."

அருக்காணி யோசித்தெல்லாம் சொல்லவில்லை. மூன்று நாளாகத் தயாராக வைத்திருந்த மாதிரி சொன்னாள். "ஐயா இங்க வர வேண்டாமுங்க. இங்க வந்து சொன்னா எனக்குத்தான் கேக்கும். அதே கேட்டுல சொல்லட்டும். அதே எட்டு மணிக்கு, எல்லாரும் வேலைக்கு வர்றப்ப. நீங்களும் வரோணும். அப்பறம், வங்காளத்துல சொல்லச் சொல்லுங்க. தமிழ்ல சொன்னா அங்க யாருக்குப் புரியும்?"

வெளியே சந்தைத் தாண்டியதும், ஆட்டோ நிறுத்தத்தில் கோபு ஒரு வண்டியைக் கை காட்டி நிறுத்தினான். பிறகு, "இந்தம்மாவை நம்ம ஆபீஸ்ல சேர்த்திருக்கணும் மேடம், நாம வெளியே போயிருக்கலாம்" என்றான்.

*

சனிக்கிழமை காலை எட்டுக்கு ஐந்து நிமிஷம். சுந்தரராஜன் லிஃப்டிலிருந்து ராம்கியின் தோளைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். வெளுத்த சட்டை, மடிப்புக் கலையாத பேன்ட். ஏலத்துக்குப் போகிற நாள் போல. கேட் பக்கத்தில் வந்ததும் மகனின் தோளை விட்டுவிட்டார். மறுநாள் மேடையில் என்ன சொல்லப் போகிறீர்கள் என்று ராம்கி காலையிலிருந்து இரண்டு முறை கேட்டிருந்தான். இதைச் சொல்லிவிட்டால் அதைச் சொல்வது கஷ்டமில்லை என்று மட்டும் சொல்லியிருந்தார்.

வேலைக்காரப் பெண்கள் வரத் தொடங்கியிருந்தார்கள். இரண்டு டிரைவர்கள் கார் துடைத்துக்கொண்டிருந்தார்கள். நாலாவது மாடி லதா பால் பாக்கெட்டோடு நின்றாள். அருக்காணி கேட்டுக்கு வெளியே, ரோட்டிலேயே நின்றுகொண்டாள். செக்யூரிட்டி அவளை விடுவதா வேண்டாமா என்று தெரியாமல் ராம்கியைப் பார்த்தான்.

சுந்தரராஜன் பேசினார். அவருடைய வங்காளம் ஏலக் கூடத்தில் கற்றது. விலை சொல்லவும் குறை சொல்லவும் போதும். மன்னிப்புக் கேட்கும் சொற்கள் அதில் குறைவாக இருந்தன, ஒவ்வொன்றாகத் தேடி எடுத்து வைத்தார். பட்டை நான் கொடுத்தேன். கரண்டியை நான் அனுப்பினேன். இந்த அம்மாள் சொன்னது உண்மை. எனக்கு ஞாபகம் இருந்தது, இல்லை என்று சொன்னேன். என் மானத்துக்காக இவள் மானத்தைக் கொடுத்துவிட்டேன்.

கார் துடைத்த ஒருவன் குழாயை நிறுத்தினான்.

அவர் முடித்ததும் எல்லோரும் ஜெயலக்ஷ்மியைப் பார்த்தார்கள். நாலு பேர் முன்னால் பேசுவது அவளால் ஆகாத காரியம். அறிக்கை எழுதிக் கொடுத்துவிட்டுப் போவதுதான் பழக்கம். பையைக் கவிழ்த்தது நான், என்றாள். இவர் சொல்லாததைச் சொன்னதாக எழுதினேன். இந்த அம்மாள் சொன்னதை எழுதவேயில்லை. குழுவுக்கும் பக்கத்துக் கட்டடத்துக்கும் நானே எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் போவேன். சொல்லி முடிக்கும்போது குரல் யாருக்கும் கேட்காத அளவு இறங்கிவிட்டது. இன்னொரு முறை உரக்கச் சொல்லும்படி ஒரு வேலைக்காரப் பெண் கேட்டாள். கிண்டலாக இல்லை, கேட்கவில்லை என்பதால்தான். ஜெயலக்ஷ்மி முதலிலிருந்து எல்லாவற்றையும் உரக்கச் சொன்னாள்.

அருக்காணி கேட்டுக்குள் வந்தாள்.

லதாதான் முதலில் பேசினாள். இன்றைக்கே வர முடியுமா, வீட்டில் எல்லோரும் நாலு நாளாக ரொட்டியும் முட்டையும்தான் என்றாள். வருவதாக அருக்காணி தலையசைத்தாள். ராம்கி ஒரு அடி முன்னால் வந்து, எங்கள் வீட்டுக்கும் என்று ஆரம்பித்தான்.

"உங்களுக்கு வேற ஆளு பாத்துக்குங்க தம்பி" என்றாள் அருக்காணி. வங்காளத்தில்தான் சொன்னாள், கோபமாக இல்லை.

லிஃப்டை நோக்கி நாலு அடி நடந்தவள் நின்றாள். சுந்தரராஜன் நின்ற இடத்திலேயே நின்றிருந்தார். பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லாமல் முழங்கால் இரண்டும் நடுங்கிக்கொண்டிருந்தன. யாரும் அதைக் கவனிக்கவில்லை. அவளுக்கு மட்டும் தெரிந்திருந்தது. பத்து வருடம் அந்தக் காலுக்கு எண்ணெய் காய்ச்சிக் கொடுத்தவள்.

"ஐயாவுக்கு ஒரு நாற்காலி போடுங்க" என்றாள். இந்த முறை தமிழில்.

ஜெயலக்ஷ்மி செக்யூரிட்டியின் பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து அவர் பின்னால் போட்டாள். உட்காருங்கள் என்றான் கோபு. அவர் உட்காரவில்லை. லிஃப்ட் கதவு மூடி, அது நாலாவது மாடிக்குப் போய் நிற்கும் சத்தம் கேட்கும்வரை நின்றுகொண்டேயிருந்தார். நாற்காலியின் முதுகைப் பிடித்தபடி ஜெயலக்ஷ்மியும் நின்றாள்.